மிச்சமான பதினெட்டுக் கட்டு

வைக்கோலைச் சின்னதாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டைச் சின்னதாக்கலாம். தென்னை மரத்தைச் சின்னதாக்கலாம். நீச்சல் குளத்தை உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்து நீல அக்ரிலிக் ஒட்டிவிடலாம். ரத்தினவேல் இருபத்திரண்டு வருஷமாக மைசூரில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பில்டர்கள் கட்டப்போகிற அடுக்குமாடிகளை மாடலாகச் செய்து கொடுப்பான். வீடு வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "நம்ம பால்கனி இதுதான்" என்று விரலை வைத்துப் பூரித்துப் போவார்கள். ஆனால் வைக்கோல்? இருபதில் ஒரு பங்காக ஒரே ஒரு வைக்கோல் கட்டைச் செய்து பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

முதலில் தேங்காய் நாரில் செய்தான். சுருட்டிக்கொண்டு நின்றதே தவிர வைக்கோலாகப் படியவில்லை. பூந்துடைப்பத்தை உருவிப் பார்த்தான். காம்பு ஒவ்வொன்றும் மூங்கில் கழி மாதிரி தடித்துத் தெரிந்தது. கடைசியில் தேவராஜ மார்க்கெட்டில் வெங்காயக் கடைக்காரனிடம் ஒரு பழைய சணல் சாக்கு வாங்கி, பிரித்து, அலசி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கினான். அப்பாடா, அது கேட்டது. நாலரை சென்டிமீட்டருக்கு ஒரு அச்சு செய்து, அதில் திணித்து, திருகி இறுக்கி எடுத்தால் அசல் வைக்கோல் கட்டு. கட்டுக்கு இரண்டு சுற்றுப் பழுப்பு நூல். நூல் கட்டுகிற வேலையை மகள் தாரணி எடுத்துக்கொண்டாள்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், கோர்ட்டுக்கு.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ரத்தினவேலின் பெண்டாட்டி சொர்ணலதா வேலை செய்த பேக்கிங் கூடம் எரிந்தது. அவளோடு சேர்த்து ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். ஈட்டி மரத்து யானைகள், சித்திரம் பதித்த தட்டுகள், நகைப் பெட்டிகள் என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. வாங்குகிற துரைமார்களுக்குப் பிளாஸ்டிக் ஆகாதாம், தெர்மகோல் ஆகாதாம். கப்பலில் சரக்கு போன காலத்து மாதிரி மரப்பெட்டிதான் வேண்டுமாம். உள்ளே வைக்கோல், மரத்தூள், தலைமுடி மாதிரி சீவிய மரச்சுருள். பெட்டி மேலே சூடு போட்ட முத்திரை. அந்த மரச்சுருளைக் கூடத்துப் பெண்கள் சேமியா என்பார்கள். பார்க்க என்னவோ அழகுதான். ஒரு பொறி விழுந்தால் முடிந்தது கதை. கரண்டில் பழுக்கிற முத்திரை இரும்பிலிருந்து அந்தப் பொறி விழுந்தது.

தீ பிடித்தது முன்வாசல் பக்கம். அதனால் ஐந்து பேரும் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு திறக்கவில்லை.

பின்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைப் போடுவதும் எடுப்பதும் வாட்ச்மேன் லிங்கப்பன் வேலை. குண்டலுபேட்டைப் பக்கத்து ஆள், அறுபது வயது. காலையிலேயே தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன், புகையைப் பார்த்ததும் ஓடிவந்து தள்ளினேன், திறக்கவில்லை என்று முதல் நாளிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். எவன் நம்புவான்? பெண்கள் வேலை நேரத்தில் டீ குடிக்க வெளியே நழுவுகிறார்கள் என்று மத்தியானத்தில் அவன் தாழ் போடுவது வழக்கம், நாங்கள் போடச் சொன்னதே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். கதவு எரிந்து, தீயணைப்புக்காரர்கள் கோடாலியால் பிளந்து, தாழ்ப்பாள் எங்கேயோ போய் விழுந்துகிடந்தது. போட்டிருந்ததா எடுத்திருந்ததா என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. முதலாளிக்கு ஜாமீன் கிடைத்தது. லிங்கப்பனுக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லை. இரண்டு வருஷமாக ஜெயிலில் கிடந்தான்.

கிடக்கட்டும், அங்கேயே சாகட்டும் என்றுதான் ரத்தினவேல் நினைத்தான். நினைத்தான் என்ன, ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் முன்பெஞ்சில் உட்கார்ந்து அவனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். லிங்கப்பனின் மனைவி கெம்பம்மா கோர்ட்டு வராந்தாவில் ஒரு மூலையில் சோறு கொண்டுவந்த தூக்குப் போசியோடு குந்தியிருப்பாள். ஒருநாள் அவள் இவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இவன் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு நடந்தான். செய்தானா என்றால் செய்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

குடும்பங்கள் தரப்பில் அரசு வக்கீலுக்குத் துணையாக ஆஜரான வக்கீல் விஜய்குமார்தான் மாடல் பேச்சை எடுத்தார். "ஜட்ஜ் அந்த இடத்தைப் பாத்ததில்ல. வரைபடத்துல ஒண்ணும் புரியாது. அஞ்சு பேரும் எங்க நின்னாங்க, கதவு எங்க, தாழ்ப்பாள் எங்கன்னு கண்ணால பாத்தா அந்த ஆளு தப்பவே முடியாது. யாரையாவது வச்சுச் செய்யணும்."

"யாரையாவது எதுக்குங்க? நான் செய்யறேன்" என்றான் ரத்தினவேல். "பெண்டாட்டி செத்த இடத்த நீங்களா?" என்று அவர் தயங்கினார். இவன் விடவில்லை.

மூன்று மாதம் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. போலீஸ் அளந்து எழுதிய மகஜரை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் கட்டினான். நாற்பதடிக் கூடம் இரண்டடிப் பலகையாக மேஜை மேல் எழுந்தது. ஹாக்ஸா பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தேவதாரு மரத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சேமியா எடுத்தான். உப்புத்தாளில் தேய்த்த தூளைத் துப்பட்டாத் துணியில் சலித்து மரத்தூள் தொட்டியை நிரப்பினான். ஐஸ்கிரீம் குச்சியைக் கீறிப் பெட்டிகள் செய்து, குண்டூசித் தலையை வெட்டி ஆணி வைத்தான். பின்கதவை ஒட்டி வைத்தால் போதும் என்றார் வக்கீல். ஒட்டுவதாவது! நிஜக் கதவு உள்பக்கம் திறக்கும். வெளியே சந்து குறுகல், காம்பவுண்டுச் சுவர் இடிக்கும். அதேபோலக் கீல் வைத்து, உள்பக்கம் திறந்து மூடுகிற மாதிரியே செய்தான். வெளித் தாழ்ப்பாளுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. பித்தளைக் கம்பியை வளைத்து, ராவி, நகத்தால் தள்ளினால் நகர்கிற மாதிரி பண்ணினான். அந்தத் தாழ்ப்பாளில் அவனுடைய வெறுப்பு முழுக்க இருந்தது.

ஐந்து பேருக்கும் பொம்மை செய்ய அவனுக்குக் கை வரவில்லை. மகஜரில் உடல்கள் கிடந்ததாகக் குறித்திருந்த இடத்தில் ஐந்து சிவப்புக் குண்டூசி குத்தினான். எல்லாம் பின்கதவிலிருந்து ஆறடி தள்ளி, ஒரே குவியலாக. மாடலில் ஒன்பது சென்டிமீட்டர். கதவு வரைக்கும் ஓடினவர்கள் கதவைத் தட்டாமல் ஏன் ஆறடி முன்னாலேயே நின்றார்கள் என்று அவனுக்கு அப்போதே ஒரு உறுத்தல். புகையில் கண் தெரிந்திருக்காது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

தாரணிக்கு இருபத்தொரு வயது. கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வாயில் சரளமாக வரும். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒந்து, எரடு, மூரு என்று எண்ணியபடி வைக்கோல் கட்டுக்கு நூல் சுற்றுவாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவாள்.

"இந்த நூலுதாம்ப்பா அந்தாளுக்குச் சுருக்கு" என்றாள் ஒருநாள். ரத்தினவேலுக்கு அதைக் கேட்டு நிறைவாக இருந்தது.

எத்தனை கட்டு என்பதில் குழப்பம் இல்லை. ஸ்டோர் நோட்டு தீயில் சிக்காமல் ஆபீஸ் அறையில் தப்பியிருந்தது. அதன் நகல் கோர்ட்டில் இருந்தது. முந்தின நாள் லாரியில் அறுபது கட்டு இறங்கியது, பன்னிரண்டு செலவு, கூடத்தில் மிச்சம் நாற்பத்தெட்டு. தாரணி நாற்பத்தெட்டும் கட்டி முடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். எங்கே அடுக்குவார்கள் என்று மீனா முன்பே சொல்லியிருந்தாள். மீனா, சொர்ணலதாவோடு ஒரே மேஜையில் பேக்கிங் செய்தவள். ஆஷாட வெள்ளி என்று அன்றைக்கு லீவு போட்டுச் சாமுண்டி மலைக்குப் போனதால் தப்பினாள். இடது சுவர் ஓரம் ஜன்னலுக்குக் கீழே அடுக்குவோம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினவேல் அடுக்க உட்கார்ந்தான். நீளவாக்கில் பத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. முப்பது கட்டோடு ஜன்னல் விளிம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் வைத்தால் ஜன்னல் மறையும். போலீஸ் எடுத்த போட்டோவில் ஜன்னல் கம்பி முழுக்கக் கரி படிந்து தெரிந்ததே, மறைத்திருந்தால் அப்படிப் படியாது. முன்னால் இன்னொரு வரிசை வைக்கலாம் என்றால், தள்ளுவண்டி போகத் தரையில் போட்ட மஞ்சள் கோடு இடிக்கிறது. அந்தக் கோட்டை மிதித்து எதையும் வைக்க விடமாட்டார்கள் என்று சொர்ணலதாவே சொல்லியிருக்கிறாள். மேஜைகளுக்குக் கீழே பெட்டிச் சட்டங்கள். வலப்பக்கம் சேமியா மூட்டையும் தூள் தொட்டியும். எப்படி மாற்றி மாற்றி வைத்தும் டப்பாவில் பதினெட்டுக் கட்டு மிச்சம் நின்றது.

"நோட்டுல தப்பா எழுதியிருப்பாங்கப்பா" என்றாள் தாரணி.

"இருக்கும்" என்றான். ஆனால் அவன் கண் கூடத்தில் காலியாக இருந்த ஒரே இடத்துக்குப் போனது. பின்கதவுக்கும் ஐந்து குண்டூசிக்கும் நடுவில் இருந்த இடம். பதினெட்டை எடுத்து அங்கே வைத்துப் பார்த்தான். அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு மூன்று, ஆழத்துக்கு மூன்று. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சிவப்புக் குண்டூசிகள் வைக்கோலுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றன.

அந்தப் பேச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வராத ஞாபகம்!

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மைசூரில் அந்த மாதத்துக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. சொர்ணலதா வேலையிலிருந்து வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, அந்தப் பின்கதவுச் சந்துல காத்து அடிக்குது பாருங்க, சேமியாத் தூசி பூராவும் எங்க கண்ணுலதான் வந்து அப்புது. இருமி இருமித் தொண்டை புண்ணாப் போச்சுங்க" என்றாள். அவன் ஏதோ ஒரு அடுக்குமாடிக்கு லிப்ட் ஒட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அட, இதுக்கொரு அழுகையா? வைக்கோல் கட்டத் தூக்கி அந்தக் கதவோட சாத்தி அடுக்குங்க. காத்து எங்கிருந்து வரும்?"

மறுநாள் சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். "உங்க யோசனைக்கு எல்லாரும் கும்பிடு போட்டாங்க போங்க" என்றாள். அவன் உம் கொட்டினான். அவ்வளவுதான் நடந்தது. தினம் நூறு பேசுகிறோம், அதில் இது ஒன்று.

தாரணியிடம் பசை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே மீனா வீட்டுக்குப் போனான். மீனா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் கையில் சின்ன வைக்கோல் கட்டு ஒன்றைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மீனா, பதினெட்டுக் கட்டு மிச்சம் நிக்குது. எங்க வச்சீங்க?"

"எனக்கென்னண்ணா தெரியும்? நான் அன்னைக்கு லீவு."

"அன்னைக்கு லீவு. முந்தின நாளு?"

அவள் பையைக் கீழே வைத்தாள். அப்புறம் அழுகையும் கோபமுமாக, "உங்கள யாருண்ணா எண்ணச் சொன்னது? எண்ணாம இருந்திருக்கலாமில்ல?" என்றாள்.

"அப்ப கதவுலதான் அடுக்குனீங்க."

"ஆமாண்ணா. ஆடி முடியிற வரைக்கும்னு வச்சோம். தீ கீன்னு யாருக்குத் தோணுச்சு? அந்தக் கதவுல நாங்க போறதே இல்ல. சொர்ணாக்கா எல்லார்கிட்டயும் சொல்லிச்சு, எங்க வீட்டுக்காரரு குடுத்த ஐடியான்னு. அவ்ளோ பெருமை அதுக்கு. அதான் நான் போலீசுகிட்ட வாயே திறக்கல. செத்தவளுக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் தீராத பாவம், எதுக்குன்னு விட்டுட்டேன்."

"லிங்கப்பன் உள்ள கிடக்கறானே புள்ள."

"தெரியும்ணா." மீனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நெனைக்காத நாள் இல்ல. எனக்கு உங்களத்தான் தெரியும், அந்தாள எனக்கு என்ன தெரியும்? அந்தப் பதினெட்டையும் அடுப்புல போட்டுட்டுப் பேசாம இருங்கண்ணா. தாரணி மொகத்தப் பாருங்க."

பசை வாங்க மறந்து வீடு வந்தான். அன்று சாயங்காலம் விஜய்குமாருக்குப் போன் செய்து கட்டு மிச்சம் நிற்பதையும், பின்கதவுக்கு முன்னால் மட்டும்தான் இடம் இருப்பதையும் சொன்னான், மற்றதைச் சொல்லவில்லை. வக்கீலுக்கு விஷயம் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? "ரத்தினவேல், அங்க யாரும் உட்காந்து வைக்கோல எண்ணப்போறதில்ல. முப்பது கட்டு பாக்க நெறைவா இருக்கு. அதோட கொண்டுவாங்க" என்று வைத்துவிட்டார்.

எட்டு நாள் இருந்தது விசாரணைக்கு. அந்த எட்டு நாளும் அவன் பட்ட பாட்டை எழுதினால் ஒரு புஸ்தகம் ஆகும். லிங்கப்பன் எப்படியும் கெட்டவன்தான், வேறு நாளில் தாழ் போட்டிருப்பான்தானே என்று ஒரு மனசு. அடப்பாவி, நீ பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறாயே என்று இன்னொரு மனசு. தாரணியைப் பார்க்கும்போதெல்லாம் முதல் மனசுதான் ஜெயித்தது. தாயைத்தான் இழந்தாள், இப்போது அப்பனையும் இழக்க வேண்டுமா? கடைசியில் முப்பது கட்டோடு போவது என்று முடிவு செய்தான். அடுப்பில் போட மட்டும் மனசு வரவில்லை. பதினெட்டையும் பிஸ்கட் டப்பாவோடு தோள்பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

வேட்டியில் மூடி, மடியில் வைத்து, ஆட்டோவில் மாடலைக் கொண்டுபோனார்கள். தாரணி ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வராந்தாவில் கெம்பம்மா அதே மூலையில் அதே தூக்குப் போசியோடு இருந்தாள். இந்த முறை அவள் கும்பிடவில்லை, காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் வேட்டியை விலக்கியதும் ஒரு சலசலப்பு. கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். ஜட்ஜம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கியே வந்துவிட்டார். கூண்டிலேறி, மகஜர் அளவுப்படி செய்தேன் என்று சத்தியம் பண்ணினான் ரத்தினவேல். வைக்கோலைப் பற்றி அரசு வக்கீல் கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றித்தான் கேட்டார். இவன் இறங்கி வந்து நகத்தால் பித்தளைத் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டான். கதவைத் தள்ளிக் காட்டினான், அசையவில்லை. ஜட்ஜம்மா குறித்துக்கொண்டார். விஜய்குமார் தாரணியைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

லிங்கப்பனுக்கு இலவச சட்ட உதவியில் வந்திருந்தது ஒரு இளம் வக்கீல், ஆஷ்லி என்று பெயர். அந்தப் பெண் எழுந்து, "என் கட்சிக்காரர் அன்று என்ன செய்தார் என்பதை இதிலேயே காட்ட அனுமதி வேண்டும்" என்று கேட்டது. அனுமதி கிடைத்தது. போலீஸ்காரர் லிங்கப்பனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். இரண்டு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது.

மாடலை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். மரத்தூள் தொட்டியைப் பார்த்தான், சேமியாவைப் பார்த்தான். "அப்படியே இருக்கே சாமி" என்றான் யாரிடமோ. சிவப்புக் குண்டூசி என்ன என்று கேட்டான். ஆஷ்லி மெதுவாகச் சொன்னாள். அவன் கைகூப்பினான்.

பிறகு பின்பக்கம் வந்து குனிந்தான். "காலையில இத இப்படி எடுத்தேன்" என்று விரலால் தாழ்ப்பாளை நகர்த்தினான். "புகை வந்ததும் ஓடியாந்து இப்படித் தள்ளினேன்" என்று ஒரு விரலால் கதவைத் தள்ளினான்.

கதவு பட்டென்று திறந்துகொண்டது. அத்தனை அருமையாகக் கீல் வைத்திருந்தான் ரத்தினவேல்!

லிங்கப்பன் விரலை எடுத்துவிட்டான். கதவை அவனே மூடினான். மறுபடி தள்ளினான், மறுபடி திறந்தது. "அன்னைக்குத் திறக்கலையே" என்றான். "தோள வச்சு முட்டினேன். உள்ள கத்துறாங்க, எனக்குக் கேக்குது. முட்டி முட்டிப் பாத்தேன். திறக்கல சாமி." மூன்றாவது முறை தள்ளினான். திறந்தது. அவ்வளவு சின்னக் கதவின் முன்னால் அந்த ஆள் பெரிய குரலெடுத்து அழ ஆரம்பித்தான். அப்போதுதான் ரத்தினவேலுக்குப் புரிந்தது. ஜெயிலை நினைத்து அந்த ஆள் அழவில்லை. தன் கையில் தெம்பு இருந்திருந்தால் திறந்திருக்குமே என்று இரண்டு வருஷமாக உள்ளே உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறான்.

அதற்கு மேல் ரத்தினவேலால் முடியவில்லை. யாரையும் கேட்காமல் தோள்பையைத் திறந்தான். விஜய்குமார், "ரத்தினவேல்!" என்று ஒரு அதட்டல் போட்டார். இவன் காதில் வாங்கவில்லை. டப்பாவிலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து உள்பக்கம் கதவோடு சாத்தி அடுக்கினான். அவசரத்தில் இரண்டு கட்டு தரையில் விழுந்தது. ஆஷ்லி எடுத்துக் கொடுத்தாள். பதினெட்டாவதை வைத்து முடித்ததும் குண்டூசிகளுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

"இப்பத் தள்ளுங்க" என்றான்.

லிங்கப்பன் தள்ளினான். கதவு அசையவில்லை. கட்டை விரலால் அழுத்தினான். அசையவில்லை.

"அண்ணா," என்றான் லிங்கப்பன் இவனைப் பார்த்து, "அப்ப நான் எவ்வளவு தள்ளியிருந்தாலும்...?"

"திறந்திருக்காது. நாலு பேரு சேந்து தள்ளியிருந்தாலும் திறந்திருக்காது."

லிங்கப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜட்ஜம்மா, இது எப்படித் தெரியும், இதை அங்கே அடுக்கியது யார் என்று கேட்டார். ஸ்டோர் நோட்டுக் கணக்கை ரத்தினவேல் சொன்னான். காற்றுக்காகப் பெண்கள் அடுக்கினார்கள் என்று சொன்னான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். செத்தவள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. மீனா சாகும்வரை சொல்லமாட்டாள். பின்பெஞ்சில் தாரணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அவங்களா செய்யலைங்க. அப்படி அடுக்கச் சொன்னது நான். வீட்டுல என் சம்சாரத்துக்கிட்ட நாந்தான் சொன்னேன்" என்றான்.

எல்லாவற்றையும் கன்னடத்தில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். மீனாவுக்குச் சம்மன் அனுப்ப உத்தரவானது. மாடலைக் கோர்ட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். லிங்கப்பன் ஜாமீனுக்கு ஆஷ்லி அங்கேயே மனு எழுத உட்கார்ந்தாள். விஜய்குமார் இவனைப் பார்க்காமலே போய்விட்டார்.

வெளியே வந்தபோது கெம்பம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏதாவது சொல்வாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ரத்தினவேல் நின்றான். அவள் தூக்குப் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவனைத் தாண்டி, புருஷனைப் பார்க்கக் கோர்ட்டு ஹால் வாசலுக்கு ஓடினாள். அவனைக் கண்டதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

தாரணி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட வந்து சொன்னாங்கல்ல, தூசி அடிக்குதுன்னு. அப்ப அவங்க கண்ணு எப்படி இருந்துச்சு?"

அந்த நேரத்தை எவ்வளவு நினைத்துப் பார்த்தும் அவனுக்கு லிப்டும் பசையும்தான் தெரிந்தன.

"தெரியல கண்ணு. நான் நிமிந்து பாக்கல."

"எனக்குத் தெரியும்" என்றாள் தாரணி. "ரெண்டு கண்ணும் செவந்து வீங்கிக் கிடந்துச்சு. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். டாக்டர்கிட்டப் போலாம்மான்னேன். 'வேண்டாம், அப்பா ஒரு வழி சொல்லியிருக்காரு, நாளையில இருந்து சரியாயிடும்'னாங்க."

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். ரத்தினவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துக் காத்திருந்தான். அவள் நகரவில்லை.